ஏழு என்று எழுதிய வியாழக்கிழமை

ஜூன் 12, வியாழன்

பதினோராவது வாரத்துச் சோதனை முடிந்தது. நூற்று எழுபத்தாறு பெண்கள். காலை ஏழரைக்கு உட்கார்ந்தவள் மாலை நாலேகாலுக்குத்தான் எழுந்தேன். மதியச் சாப்பாடு டப்பாவிலேயே புளித்துவிட்டது.

ஆராய்ச்சிக்குக் கொடுத்த நோட்டில் எண்களைத் தவிர எதுவும் எழுதக் கூடாது. மற்றதை எழுத இந்த டைரியை நானே வாங்கினேன்.

காவலர் பயிற்சிப் பள்ளியில் சேரும் பெண்கள் திடீரென்று தினமும் ஓடவும் கவாத்து செய்யவும் தொடங்குவதால் கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழுகிறது. போன அணியில் பதினேழு பேருக்கு விழுந்தது. எக்ஸ்ரேயில் தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். அதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் டாக்டர் ஜெயசீலனின் ஆராய்ச்சி. அவருக்காகப் பள்ளிக்கே வந்து சோதிக்கிற பிசியோதெரபிஸ்ட் நான். ஐந்து சோதனைகள், மொத்தம் பன்னிரண்டு மதிப்பெண். எட்டு வந்தால் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். ஓட்டம் நிறுத்தம், எம்.ஆர்.ஐ. ஏழு வரை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஓடலாம்.

இன்று 112 மட்டும் மனசில் நிற்கிறாள். இசக்கியம்மாள். அம்பாசமுத்திரம் பக்கம். வயது முப்பத்திரண்டு, என்னைவிட ஒன்று குறைவு. கணவர் இறந்தபின் விதவை ஒதுக்கீட்டில் தேர்வானவள். நாலாவது படிக்கும் மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். இருபது வயதுப் பெண்களுக்கு நடுவில் ஓடுகிறாள், எல்லாருக்கும் இசக்கியக்கா.

ஒற்றைக் காலில் பத்து தடவை குதிக்க வேண்டும். வலது காலில் குதித்துவிட்டாள். இடது காலில் ஆறாவதோடு நின்று தொடை இடுக்கில் கையை வைத்தாள். ஒரு மூச்சு விட்டு மீதி நாலையும் குதித்தாள். வலியால் நின்றுவிட்டால் மூன்று மதிப்பெண். வலியோடு முடித்தால் இரண்டு. முடித்துவிட்டாள்தானே? இரண்டு போட்டேன். கூட்டினால் ஏழு.

எட்டு போட்டுவிடாதீர்கள் என்று அவள் கண் கேட்டது. பாவமாக இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

காஸ் சிலிண்டர் வந்தது. மாடிப்படியில் ஏற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தார் கொண்டு வந்தவர். நானே உருட்டி ஏற்றினேன். அடுத்தவருக்கெல்லாம் முதுகைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறவள்.

முப்பது நாளுக்கு மேல் மருத்துவ விடுப்பு போனால் இந்த அணியிலிருந்து பெயர் நீக்கம், அடுத்த அணியோடுதான் சேர வேண்டும். அது எப்போது தொடங்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே இசக்கிக்கு எட்டு போடாதது சரிதான். ஆறு குதிப்பும் நாலு குதிப்பும் பத்துதான்.

எழுத மறந்தது ஒன்று. நேற்றுக் காலை, சோதனை தொடங்கும் முன், பள்ளி முதல்வர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். "ஏற்கெனவே ஒம்பது பேரைப் படுக்க வெச்சுட்டீங்க. இன்னும் ரெண்டு பேர் படுத்தா மேல எழுதி உங்க ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லிடுவேன். மைதானத்துல ஆள் இல்லாம நான் என்ன கவாத்து நடத்துறது?" என்றார். நின்றுகொண்டே கேட்டுக்கொண்டேன். ஆராய்ச்சி நின்றால் என் வேலையும் நிற்கும். ஒப்பந்தம் அப்படி.

இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஞாபகம் வந்தது, எழுதினேன்.

ஜூன் 15, ஞாயிறு

உறவுக்காரர்கள் பார்க்க வரும் நாள். வேப்பமரத்தடியில் ஒரே கூட்டம். இசக்கிக்கு யாரும் வரவில்லை, அவ்வளவு தூரம். சோதனை அறை வாசலில் வந்து நின்றாள்.

"மேடம், வெந்நீர்ப் பை இருந்தா ஒரு அரை மணி நேரம் தாரியளா?"

"எங்க வலி?"

"அதே எடந்தான். ராத்திரி பெரண்டு படுக்கையில சுருக்குன்னு இருக்கு. வேற ஒண்ணுமில்ல."

படுத்திருக்கும்போது வலி என்றால் அது சதை வலி இல்லை. கல்லூரியில் முதல் வருடமே சொல்லிக் கொடுத்த பாடம். பையை நிரப்பிக் கொடுத்தேன். மகளைப் பற்றிக் கேட்டேன். வாய்ப்பாடு பதினாறு வரை தெரியுமாம், போனில் ஒப்பித்தாளாம்.

ஜூன் 17, செவ்வாய்

மழை. ஓட்டம் ரத்து. நிம்மதியாகத் தூங்கினேன்.

ஜூன் 18, புதன்

காலை ஓட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அது என் வேலை இல்லை. பால் வாங்கப் போனவள் ஸ்கூட்டியை அங்கே நிறுத்திவிட்டேன். இசக்கி கடைசிக்கு முந்தின வரிசை. இடது கால் தரையில் படும் நேரம் குறைவு. சுடுமண்ணில் மிதித்ததுபோல உடனே எடுக்கிறாள். நடந்தால் தெரியாது, ஓடினால் தெரியும்.

கவாத்து ஆசிரியை ஏட்டம்மா வேதவல்லி என்னைப் பார்த்துவிட்டு வேலியோரம் வந்தார். முப்பது வருட சர்வீஸ், தொண்டை எப்போதும் கட்டியிருக்கும்.

"என்னம்மா, இங்கயும் நோட்டா?"

"சும்மாதான் மேடம். 112 எப்படி ஓடறாங்க?"

"இசக்கியா? அது இரும்பு. வலின்னு ஒரு நாள் வந்து நின்னதில்லை. ஏன், ஏதாவது இருக்கா?"

"இல்ல மேடம்."

அந்த வாய்ப்பை ஏன் விட்டேன் என்று பால் காய்ச்சும்போது யோசித்தேன். பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

ஜூன் 19, வியாழன்

பன்னிரண்டாவது வாரம். இசக்கி உள்ளே வந்ததும் நானே சொன்னேன், மெதுவாகக் குதியுங்கள் என்று. பத்தும் குதித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரிலிருந்த கடிகாரத்தையே பார்த்தாள். "வலி?" "இல்ல மேடம்." மேலுதட்டில் வியர்வை. மின்விசிறி அவள் தலைக்கு நேர் மேலே ஓடிக்கொண்டிருந்தது.

மொத்தம் ஐந்து. போன வாரத்தைவிடக் குறைவு. தாளில் பார்த்தால் குணமாகி வருகிறாள்.

மாலை முழுக்கக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். எல்லாம் தொடை எலும்பைப் பற்றி. இடுப்புக் கிண்ணத்தில் சேருமிடத்தில் அதற்கு ஒரு கழுத்து உண்டு. விரிசல் அங்கே விழுந்தால் வலி தொடை இடுக்கில் வரும், குதித்தால் கூடும், படுத்தாலும் விடாது. விரிசல் ஒட்டியிருக்கும்வரை காப்பாற்றலாம். நழுவிவிட்டால் அந்த எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது செத்தே போகலாம். அப்புறம் அந்தக் காலால் ஓடுவதென்ன, படியேறுவதே கஷ்டம்.

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றுமில்லை. தெரிந்ததையே உட்கார்ந்து படித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

டாக்டருக்குப் போன் செய்தேன். டில்லியில் கருத்தரங்கில் இருக்கிறார். எடுத்ததும் அவரே பேசத் தொடங்கிவிட்டார்.

"தமயந்தி, பதினோராவது வாரக் கணக்கு பார்த்தேன். புதுசா யாரும் எட்டைத் தாண்டலை. புல் தரையில ஓட வெச்சது வேலை செய்யுது போல. இங்க எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"சார், ஒரு விஷயம்…"

"சொல்லுங்க."

"சோதனை மேசை கால் ஆடுது. மாத்தணும்."

"வாங்கிக்கோங்கம்மா, இதுக்கெல்லாம் கேக்கணுமா?"

போனை வைத்தபின் மேசைக் காலுக்கு அட்டை மடித்து வைத்தேன். உண்மையில் ஆடுகிறதுதான்.

ஜூன் 21, சனி

112-ன் பதினோராவது வாரத் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இதை இங்கே எழுதாமல் முடியாது. குதிப்புக்கான கட்டத்தில் நான் முதலில் போட்டது மூன்று. கூட்டி எட்டு என்றும் எழுதிவிட்டேன். பிறகுதான் அழித்தேன். பேனாவால் மட்டும் எழுத வேண்டும், அடித்தால் பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும் என்பது விதி. நான் மாதக்கணக்கில் பென்சிலால் எழுதிப் பிறகு பேனாவால் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மூன்றின் வளைவு தெரிகிறது.

அவள் கெஞ்சியதால்தான் செய்தேன்.

மதியம் விடுதிக்குப் போய் இசக்கியைத் தனியாக அழைத்தேன். "திங்கக்கிழமை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துடலாம். ஓட வேண்டாம்" என்றேன்.

"திங்கக்கிழமை பத்து கிலோமீட்டர் ஓட்டத் தேர்வுல்லா மேடம்? அதுல பெயிலானா மறுபடி ஒருக்காதான் விடுவாவ. முடிச்சிட்டுப் புதன்கிழமை வாரேன். நம்பர் கொறஞ்சிருக்குன்னு நீங்கதான சொன்னிய?"

சொன்னேன்தான். புதன்கிழமை என்று ஒத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

போர்வை, தலையணை உறை, திரைச்சீலை எல்லாம் துவைத்தேன். கொடியில் இடம் போதாமல் ஜன்னல் கம்பியில் போட்டேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

கரூரிலிருந்து என் கணவர் பேசினார். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். முழுக்கச் சொல்லாமல் பாதி சொன்னேன். "அந்தம்மா வயசு வந்த ஆளு. ஓடணும்னு அவங்களே சொல்றப்ப நீ என்ன பண்ண முடியும்?" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆறுதலாக இல்லை. பாதி கேட்டவர் பாதிக்குத்தான் பதில் சொல்ல முடியும்.

பத்து கிலோமீட்டருக்கு ஒரு காலுக்கு எத்தனை அடி விழும் என்று கணக்குப் போட்டேன். ஏறக்குறைய ஐயாயிரம்.

ஜூன் 23, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நாலரைக்கே விழித்துவிட்டேன். ஐந்தரைக்கு ஓட்டம் தொடங்கும், ஐந்தேகாலுக்குப் போய் முதல்வரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். வாசலில் காவலுக்கு நின்ற பெண், "கௌம்பிட்டாங்களே மேடம், வெயிலுக்கு முன்னாடி முடிக்கணும்னு அஞ்சு மணிக்கே விட்டுட்டாங்க" என்றாள்.

பைபாஸ் பக்கத்துச் சாலையில் ஸ்கூட்டியை விரட்டினேன். முதலில் கடைசி ஆட்கள், அப்புறம் நடுக் கூட்டம். ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஐந்தாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டி அவளைப் பிடித்தேன். இடது கை தொடையை அழுத்தியபடி ஓடிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது.

பக்கத்திலேயே வண்டியை ஓட்டினேன். "இசக்கி, நில்லுங்க."

தலையை ஆட்டினாள்.

"எலும்புல விரிசல் இருக்குன்னு நினைக்கிறேன். நில்லுங்க."

"ஏழுதான் மேடம்… ஏழுதான வந்துச்சு."

"ஏழு இல்ல. எட்டு. நான் மாத்திட்டேன்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஆனாலும் நிற்கவில்லை. கால் தானாகப் போய்க்கொண்டிருந்தது. நான் முன்னால் போய் வண்டியைச் சாலைக்குக் குறுக்கே போட்டேன். சுற்றிக்கொண்டு ஓடினாள். பின்னால் பள்ளி வேன் வந்துகொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்தினேன். ஏட்டம்மா எட்டிப் பார்த்தார். "112-ஐ நிறுத்துங்க மேடம். தொடை எலும்பு உடையப் போகுது. எழுதிக் கேட்டாலும் எழுதித் தர்றேன்" என்றேன்.

ஏட்டம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விசிலை ஒரே ஒரு தடவை ஊதினார். பன்னிரண்டு வாரமாக அந்த விசிலுக்குப் பழகிய உடம்பு. இசக்கி அந்த இடத்திலேயே நின்றாள். நின்றபின் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. வேன் படியில் ஏற இடது காலைத் தூக்க வரவில்லை. இரண்டு கைகளாலும் காலைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவளைத் தூக்கி உள்ளே படுக்க வைத்தோம். வழியெல்லாம் கூரையைப் பார்த்தபடி இருந்தாள், அழவில்லை.

டாக்டர் டில்லியிலிருந்து நேற்றே திரும்பியிருந்தார். எம்.ஆர்.ஐ. படத்தைத் திரையில் காட்டினார். கழுத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு கறுப்புக் கோடு. "பாதிக்கு மேல போயிருக்கு. நழுவலை. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் விட்டிருந்தா…" என்று நிறுத்திக்கொண்டார். நாளைக் காலை அறுவை சிகிச்சை. மூன்று திருகாணி.

அப்போதே தாளை அவர் முன் வைத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்த மாதிரி வேற தாள் இருக்கா?"

"இல்ல சார்."

ஜூன் 24, செவ்வாய்

இருக்கிறது. இரண்டு.

ஜூன் 25, புதன்

41, 150. டாக்டரிடம் சொல்லிவிட்டேன். மே மாதத் தாள்கள். அங்கேயும் எட்டு ஏழானது. அவர்கள் இரண்டு பேரும் இன்று காலைகூட ஓடினார்கள்.

டாக்டர் கோபப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார். "டில்லியில நான் என்ன பேசிட்டு வந்தேன் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

உடனே இருவருக்கும் எம்.ஆர்.ஐ. 41-க்கு ஒன்றுமில்லை. 150-க்கு முழங்காலுக்குக் கீழ் எலும்பில் ஆரம்ப விரிசல். நாலு வாரம் ஓய்வு எடுத்தால் போதும், அணியோடு தொடரலாம். பெயர் ரோஸ்லின், இருபத்தொரு வயது. எட்டு அன்றைக்கே போட்டிருந்தால் இதற்குள் ஓய்வு முடிந்திருக்கும்.

இசக்கிக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

ஜூன் 27, வெள்ளி

நெறிமுறைக் குழுவுக்கு வாக்குமூலம் எழுதச் சொன்னார்கள். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். கடைசியாக எழுதியது: 'பங்கேற்பாளர் கேட்டுக்கொண்டதன் பேரில், இரக்கத்தால், மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன்.' படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

வாக்குமூலத்தை அனுப்பும் முன் இசக்கியிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அவளைப் பற்றி எழுதியிருக்கிறேன், அவளுக்குத் தெரிய வேண்டும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். அக்காவும் மகளும் வந்திருந்தார்கள். மகள் கீழே கடைக்குப் போயிருந்த நேரம், தாளைக் கொடுத்தேன். விரலை ஓட்டி ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"நான் எப்ப மேடம் கேட்டேன்?"

விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணுமே கேக்கலையே. குதிச்சிட்டு எத்தனைன்னு கேட்டேன். நீங்க நிமிந்து பாக்காம 'ஏழு, பயப்பட வேண்டாம்'னு சொன்னிய. சரி, படிச்சவ்வோ சொல்லுதாவ, வலி இருந்தாலும் எலும்புக்கு ஒண்ணுமில்லன்னு நெனச்சேன். அதான் ஓடுனேன். நீங்க எட்டுன்னு சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன். ஆனா ஓடியிருக்க மாட்டேன். எம்பிள்ளைக்கு நான் மட்டுந்தான இருக்கேன்."

அக்கா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"பாவம்னு எழுதியிருக்கியள. என்னைப் பாத்துப் பாவப்பட்டியளா?"

இல்லை. அன்று காலை முதல்வர் சொன்னதுதான் காதில் இருந்தது. பத்தாவது ஆள், பதினோராவது ஆள், அதற்கப்புறம் என் வேலை. அதை அவளிடம் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். 41, 150 பற்றியும் சொன்னேன்.

கேட்டுக்கொண்டிருந்தாள். தாளை மடித்து என்னிடமே நீட்டினாள்.

"அதை எழுதுங்க. நான் கெஞ்சுனேன்னு எழுதாதிய."

"எழுதறேன். இந்த ஆராய்ச்சியிலிருந்து விலகிக்கணும்னா உங்களுக்கு உரிமை இருக்கு. டாக்டர் கேட்கச் சொன்னார்."

"வெலகிட்டா என் நம்பர் என்னாகும்?"

"கணக்குல வராது."

"அப்ப வெலகல. எட்டுன்னு போடச் சொல்லுங்க. எனக்குப் பொறவு வாற பிள்ளைகளுக்காவது தெரியட்டும்." பிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நாளைக்கு எனக்கு நடக்கப் பழக்கி விட ஆள் வருவாவளாமே. அது நீங்க வேண்டாம் மேடம்" என்றாள்.

ஜூலை 2, புதன்

வாக்குமூலத்தைத் திருத்தி எழுதினேன். நாலே வரி. அனுப்பிவிட்டேன்.

112-ன் தாளில் ஏழு என்பதை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் எட்டு என்று பேனாவால் எழுதி, கையெழுத்தும் இன்றைய தேதியும் போட்டேன். டாக்டர் எதிரில் நின்று பார்த்தார். சோதனை அறைச் சாவிக் கொத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 10, வியாழன்

பதினைந்தாவது வாரம். இன்று வேறு யாரோ சோதிப்பார்கள். ரவை உப்புமா கிண்டினேன், அடிபிடித்துவிட்டது.

ஜூலை 31, வியாழன்

கரூரில் ஒரு சின்ன பிசியோதெரபி நிலையத்தில் சேர்ந்து பத்து நாளாகிறது. நான் செய்ததையெல்லாம் உரிமையாளரம்மாவிடம் சொல்லித்தான் சேர்ந்தேன். நெறிமுறைக் குழு இன்னும் முடிவு சொல்லவில்லை.

மதியம் ஏட்டம்மா வேதவல்லி போன் செய்தார். இசக்கி இப்போது கைத்தடி இல்லாமல் வீட்டுக்குள் நடக்கிறாளாம். பயிற்சியில் பட்ட காயம் என்று ஏற்றுக்கொண்டு அடுத்த அணியில் அவள் பெயரைச் சேர்த்துவிட்டார்களாம். எலும்பு கூடிவிட்டால் ஜனவரியில் சேரலாம். என் வாக்குமூலத்தின் நகலை வைத்துத்தான் மனு கொடுத்தார்களாம்.

"என்கிட்ட சொல்லச் சொன்னாங்களா மேடம்?"

தொண்டையைச் செருமினார். "இல்லம்மா. நானாத்தான் சொல்றேன்."

நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வெளியே ஒருவர் காத்திருந்தார், தறிப்பட்டறைக்காரர், தோள்பட்டை வலி. கையைத் தூக்கச் சொல்லி, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டேன். "நீங்களே பார்த்து ஒரு நம்பர் போட்டுக்குங்கம்மா" என்றார்.

பேனாவை மூடி வைத்துவிட்டு, அவர் சொல்லும்வரை காத்திருந்தேன்.